மாதவிலக்கு நின்ற பின் இதயம்: ஹார்மோன் மாற்று சிகிச்சையின் சான்றுகளும் பொம்மையார்பாளையமும்

1. கேள்வி

மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதில் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடக் குறைவு. நின்ற பிறகு அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அதுவரை காவல் இருந்ததென்றால், அதையே மாத்திரையாகக் கொடுத்து இதயத்தைக் காக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இந்த எண்ணத்துக்கு மருத்துவ உலகம் 1990களில் பெரும்பாலும் ‘ஆம்’ என்றது. 2002இல் ‘இல்லை, ஆபத்து’ என்றது. இன்று ‘யாருக்கு, எந்த வயதில், எந்த வடிவில்’ என்று திருப்பிக் கேட்கிறது.

இந்த விவாதம் முழுக்க அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களை வைத்து நடந்தது. அதை விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக் கடலோரக் கிராமமான பொம்மையார்பாளையத்தில் நின்று வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகளைத் தாண்டி வரும் ஊர் அது. மீன்பிடியும் மீன் விற்பனையும் பிழைப்பு. கடலரிப்பு தீராத கவலை. அங்கே மாதவிலக்கு நின்ற பெண்களில் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருக்க அந்த விவாதம் அவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அதில் அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் நம் மருத்துவப் பேச்சில் அதிகம் அடிபடாத பகுதி என்பது என் வாதம்.

2. நம்பிக்கை உருவான விதம்

கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவையான ‘பிரெமரின்’ 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் காந்தல், இரவு வியர்வை போன்ற தொல்லைகளுக்கு மருந்தாகத்தான் அது வந்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மகளிர் மருத்துவர் எழுதி அமோகமாக விற்ற ஒரு நூல், மாதவிலக்கு நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்தது. மருந்தின் வேலை தொல்லை தீர்ப்பதிலிருந்து இளமை காப்பதாக விரிந்தது. பிறகு இதயம் காப்பதும் அதில் சேர்ந்துகொண்டது.

ஒரு எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த ‘கொரோனரி டிரக் புராஜெக்ட்’ என்னும் பெரிய சோதனையில் நன்மைக்குப் பதில் கேடுதான் தெரிந்தது. அதிக அளவு கொடுத்த பிரிவை 1970இலும் குறைந்த அளவு கொடுத்த பிரிவை 1973இலும் நிறுத்தினார்கள். ஆண்களின் உடல் வேறு என்று சொல்லி அந்தப் பாடத்தை எளிதாக ஒதுக்கிவிட்டார்கள்.

அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த ஆய்வுதான் நம்பிக்கைக்குத் தூணாக நின்றது. ஹார்மோன் எடுத்துக்கொண்ட செவிலியர்களிடம் இதயநோய் ஏறத்தாழப் பாதியாக இருந்தது என்று 1991இல் வந்த அறிக்கை சொன்னது. 1985இல் இதே ஆய்வின் முந்தைய அறிக்கை வெளியான அதே மருத்துவ இதழின் அதே வெளியீட்டில், ஃபிராமிங்ஹாம் என்ற இன்னோர் ஆய்வு நேரெதிரான முடிவைச் சொல்லியிருந்தது. இரண்டில் இனித்தது எதுவோ அதுவே நிலைத்தது. 1992இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, இதயநோய் உள்ள பெண்களுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகமுள்ள பெண்களுக்கும் ஹார்மோன் பயன் தரக்கூடும் என்று வழிகாட்டியது.

செவிலியர் ஆய்வில் எங்கே கோளாறு? யாரும் அவர்களுக்கு மாத்திரையைப் பங்கிட்டுத் தரவில்லை. அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் படித்தவர், வசதியுள்ளவர், மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர், புகைக்காதவர். அவர் இதயம் நன்றாயிருப்பதற்கு மாத்திரைதான் காரணமா, வாழ்க்கையா? நம் ஊரை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புதுச்சேரியிலோ சென்னையிலோ தனியார் மகளிர் மருத்துவரிடம் பணம் கொடுத்து ஹார்மோன் மாத்திரை வாங்கும் ஐம்பது வயதுப் பெண்களை ஒரு பக்கமும், விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் ஏலம் எடுத்துக் கூடை சுமக்கும் அதே வயதுப் பெண்களை மறுபக்கமும் வைத்துப் பத்தாண்டு கணக்கெடுங்கள். மாத்திரைக்கு அற்புத சக்தி இருப்பதுபோல் கணக்கு வரும். உணவும் உறக்கமும் இரத்தக் கொதிப்புக்கு ஒழுங்காகச் சிகிச்சை கிடைப்பதும் சேர்ந்து செய்த வேலை அது. புள்ளிவிவரத்தால் இதை ஓரளவு சரிசெய்யலாம். முழுமையாகச் சரிசெய்ய முடியாது. குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் தரும் சோதனைதான் அதற்கு வழி.

3. 2002: சோதனை சொன்னது

முதல் அடி 1998இல் விழுந்தது. ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களிடம் நடந்த ‘ஹெர்ஸ்’ சோதனையில் நாலாண்டு முடிவில் ஹார்மோனால் மொத்தத்தில் பலனில்லை. முதல் ஆண்டில் இதய நிகழ்வுகள் கூடவே செய்தன.

அடுத்தது ‘மகளிர் நல முன்னெடுப்பு’ சோதனை. 50 முதல் 79 வயதுவரையிலான, கருப்பை உள்ள 16,608 அமெரிக்கப் பெண்களில் பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது, 2002 ஜூலையில், தீமை நன்மையை மிஞ்சுகிறது என்று அந்தச் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு 29 விழுக்காடு அதிகம், மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு அதிகம் என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. உலகெங்கும் பெண்கள் மாத்திரையை விட்டார்கள்.

அந்த விழுக்காடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால், போலி மாத்திரைப் பிரிவில் 30 பேருக்கு இதயநோய் நிகழ்வு. ஹார்மோன் பிரிவில் 37 பேருக்கு. பக்கவாதம் 21 என்பது 29 ஆனது. நுரையீரல் இரத்தக்கட்டி 8 என்பது 16. மார்பகப் புற்றுநோய் 30 என்பது 38. மறுபுறம் இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10ஆகக் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தது. தனி ஒரு பெண்ணுக்கு இது சிறிய ஆபத்து. ஆனால் நோயில்லாத பெண்ணுக்கு ‘இதயம் காக்கும்’ என்று சொல்லித் தரும் மாத்திரைக்கு இந்தச் சிறிய ஆபத்தே அதிகம். அந்த அளவில் 2002இன் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன்.

கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இணைச் சோதனை 2004இல் நிறுத்தப்பட்டது. அதன் முடிவு செய்தித்தாள்களில் அந்த அளவுக்கு இடம்பெறவில்லை. பக்கவாதம் அதிலும் கூடியது. ஆனால் இதயநோய் கூடவில்லை. மார்பகப் புற்றுநோய் கூடுவதற்குப் பதில் குறையும் போக்கைக் காட்டியது. ‘ஹார்மோன்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை இரண்டு வேறு சிகிச்சைகள். கருப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்டின் சேர்க்காவிட்டால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு; கருப்பை இல்லாதவருக்கு அது தேவையில்லை.

4. காலமும் வழியும்

இந்தப் பெருஞ்சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அதாவது பலருக்கு மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ஆரோக்கியமான தமனியை ஈஸ்ட்ரோஜன் தளர்த்தி விரிக்கிறது, கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது. படிவு முற்றிய தமனியிலோ அதே ஹார்மோன் படிவை நிலைகுலையச் செய்து, இரத்தம் உறைவதற்கும் தூண்டலாம். இதிலிருந்து பிறந்ததுதான் ‘தொடங்கும் காலம்’ என்னும் கருதுகோள்.

2007இல் அந்த இரு சோதனைகளின் தரவையும் சேர்த்து, மாதவிலக்கு நின்ற காலத்தின்படி பிரித்தபோது, மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கியவர்களிடம் இதயநோயின் ஒப்பீட்டு அளவு 0.76, இருபதாண்டு கடந்து தொடங்கியவர்களிடம் 1.28. முதல் எண் புள்ளியியல் உறுதி பெறவில்லை என்பதை ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்ல மறக்கிறார்கள். டென்மார்க்கில் மாதவிலக்கு நின்ற சிறிது காலத்திலேயே சிகிச்சை தொடங்கிய 1,006 பெண்களின் ஆய்வு 2012இல் வந்தது. பத்தாண்டில் மரணம், இதயச் செயலிழப்பு, மாரடைப்பு மூன்றும் சேர்ந்து ஹார்மோன் பிரிவில் 16 பேருக்கு. மற்றதில் 33 பேருக்கு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் யார் மருந்து எடுக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எண்ணிக்கையும் சிறிது. லாஸ் ஏஞ்சலஸில் 643 பெண்களிடம் நடந்த ‘எலைட்’ சோதனை (2016), ஆறாண்டுக்குள் தொடங்கியவர்களிடம் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவாகிறது என்றும், பத்தாண்டு கழித்துத் தொடங்கியவர்களிடம் வேறுபாடில்லை என்றும் கண்டது. இதயத் தமனியின் சுண்ணாம்புப் படிவில் இரு தரப்பிலும் மாற்றமில்லை. தமனிச் சுவரின் தடிப்பு ஓர் அளவீடு மட்டுமே. அதை வைத்து மாரடைப்பு குறையும் என்று சொல்லிவிட முடியாது.

மருந்து உடலுக்குள் போகும் வழியும் முக்கியம். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் இரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோ அப்படிச் செய்வதில்லை. கால் சிரையில் இரத்தக்கட்டி வரும் ஆபத்து இவற்றால் கூடுவதாகத் தெரியவில்லை என்று பிரான்சின் ‘எஸ்தர்’ ஆய்வு காட்டியது. மகளிர் நல முன்னெடுப்பு சோதித்தது விழுங்கும் மாத்திரையை மட்டும்தான்.

2017இல் அதே பெண்களை 18 ஆண்டு பின்தொடர்ந்த கணக்கு வந்தது. ஹார்மோன் பிரிவில் இறந்தவர் 27.1 விழுக்காடு, போலி மாத்திரைப் பிரிவில் 27.6. பீதியும் பொய்த்தது, காவல் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் தர வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2022இல் மீண்டும் சொன்னது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதயநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இம்மருந்துகளின் உறையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். எச்சரிக்கையை நீக்குவது வேறு, பரிந்துரைப்பது வேறு. உடல் காந்தலால் உறக்கம் கெட்டுத் தவிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை இதயத்தைக் காட்டி இனி மிரட்ட வேண்டியதில்லை என்பது அறிவிப்பின் சாரம். அவள் இதயத்துக்கு இது மருந்து என்று யாரும் நிறுவிவிடவில்லை.

5. இந்தக் கணக்கில் நம் பெண்கள்

மேற்சொன்ன சோதனைகளில் ஒன்றுகூட இந்தியாவில் நடந்ததல்ல. மகளிர் நல முன்னெடுப்பின் கூட்டு மாத்திரைச் சோதனையில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் வெள்ளையர்.

நம்மிடம் இரண்டு கடிகாரங்களும் முன்னால் ஓடுகின்றன. இந்திய மாதவிலக்கு நிறைவுச் சங்கம் நாடு முழுவதும் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46.2, மேற்கில் அது ஏறத்தாழ 51. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் தெற்காசியர்களின் முதல் மாரடைப்பு வயது 53; பிற நாட்டினருக்கு 58.8. ஆக ‘அறுபது வயதுக்குள் தொடங்கலாம்’ என்னும் மேற்குலகின் எல்லைக்கோட்டை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. ஐம்பத்தைந்து வயதில் இங்குள்ள ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆகியிருக்கலாம், சர்க்கரையும் சேர்ந்திருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு. பொம்மையார்பாளையத்தை ஒட்டிய புதுச்சேரியில் 26.3, நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. தமனி ஏற்கெனவே பழுதான பெண்ணுக்குத் தாமதமாக ஹார்மோன் தொடங்குவதுதான் சோதனைகள் கண்ட ஆபத்தான நிலை. இங்கே அந்த நிலை சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஆகவே நம் பெண்களுக்கு ஹார்மோனை இதயக் காவலாகப் பரிந்துரைக்க மேற்கைவிடக் குறைவான காரணமே இருக்கிறது. இதுவரை என் முடிவு மறுப்புத்தான். ஆனால் ஒரு பிரிவினர் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

6. கத்தியால் வரும் முடிவு

“கர்ப்பப்பை எடுத்துட்டாங்க” என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதாரணமாகக் கேட்கும் வாசகம். அதோடு சினைப்பையும் எடுத்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் “அதெல்லாம் தெரியலைங்க, எல்லாத்தையும் எடுத்துட்டதா சொன்னாங்க” என்ற பதில் வரும். கருப்பை மட்டும் போனால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் சுரப்பு தொடரும். ஆனாலும் சினைப்பை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். இரு சினைப்பைகளும் போனால் அன்றே ஈஸ்ட்ரோஜன் நின்றுபோகும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். பாதிப்பேருக்கு அது முப்பதுகளின் நடுவிலோ அதற்கு முன்போ நடந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் மிக அதிகம். தமிழ்நாட்டில் அதைவிடக் குறைவு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேலை தடைபடக் கூடாதென்று கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கம் குறித்து 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. அந்த விவாதத்தில் உரிமை பேசப்பட்டது, ஊழல் பேசப்பட்டது. அறுவைக்குப் பின் அந்தப் பெண்ணின் தமனிக்கு என்ன ஆகிறது என்பது பேசப்பட்டதே இல்லை என்று சொல்லலாம்.

சான்று இதுதான். பல நாடுகளின் தரவைத் தொகுத்து 2019இல் வந்த ஆய்வு, நாற்பதுக்கு முன் மாதவிலக்கு நின்றவர்களுக்கு இதய, மூளை இரத்தநாள நோய் 1.55 மடங்கு என்றது. 40–44இல் நின்றவர்களுக்கு 1.30 மடங்கு. அமெரிக்க மாயோ மருத்துவமனை வட்டாரத்தில் 45க்கு முன் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டு, பிறகு ஈஸ்ட்ரோஜன் எடுக்காத பெண்களிடம் இதயநோய் மரணம் 1.84 மடங்கு, 45 வயதுவரையாவது எடுத்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை.

செவிலியர் ஆய்வின் மீது வைத்த குற்றச்சாட்டை இங்கேயும் வைக்க வேண்டும் என்பது நியாயம். இவையும் குலுக்கல் சோதனைகள் அல்ல. வறுமை, புகை, கடின உழைப்பு ஆகியவை மாதவிலக்கையும் முன்கூட்டி நிறுத்தும், இதயத்தையும் கெடுக்கும். இருந்தும் ஒரு வேறுபாடு உண்டு. அறுபத்து மூன்று வயதில் தருவது இயற்கை தராத ஹார்மோனை. முப்பத்தைந்து வயதில் தருவது இயற்கை தந்திருக்க வேண்டியதை. எலும்புக்கும் அந்த வயதில் அது தேவை. அதனால்தான் மார்பகப் புற்றுநோய் போன்ற தடையில்லாத பெண்களுக்கு, இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் தர வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் ஒருமித்துச் சொல்கின்றன. 2002இன் பீதி இந்தப் பெண்களையும் சேர்த்து அடித்துச் சென்றது. அந்தச் சோதனை அவர்களைப் பற்றியதே அல்ல.

7. கூடையும் படபடப்பும்

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் படபடப்பும் இதயநோயின் படபடப்பும் ஒரே சொற்களில்தான் சொல்லப்படுகின்றன. “உடம்பெல்லாம் காந்துது, அப்புறம் வேர்த்துக் கொட்டுது” என்று ஒரு மீன்காரப் பெண் சொன்னால், எப்போது என்று கேட்க வேண்டும். இரவில் படுத்திருக்கையில் முகத்திலும் மார்பிலும் சூடேறிச் சில நிமிடத்தில் வியர்த்து அடங்கினால் அது பெரும்பாலும் ஹார்மோன் சார்ந்தது. கூடையைத் தலையில் ஏற்றி மணலில் நடக்கும்போது நெஞ்சு அடைத்து, தாடைக்கோ இடது தோளுக்கோ வலி ஏறி, கூடையை இறக்கி உட்கார்ந்ததும் விட்டுப்போனால், அது இதயத் தமனி பேசும் மொழி. இரண்டையும் ‘வாயு’ என்றோ ‘அந்த வயசு’ என்றோ ஒதுக்குவது நம் வழக்கம். இளைப்பு, மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத அசதி என்று மட்டும் மாரடைப்பு தோன்றுவது பெண்களிடம் அதிகம் என்பதால் இந்த வழக்கம் உயிருக்கே உலை வைக்கிறது.

சிகிச்சைக் கட்டமைப்பில் தமிழ்நாடு பின்தங்கியதல்ல. மாரடைப்பு நோயாளியைச் சிறு மருத்துவமனையிலிருந்து பெரிய மையத்துக்கு விரைந்து சேர்க்கும் முறை இங்கே 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாதம்தோறும் மாத்திரை தருகிறார். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகத் தர ஏற்பாடு செய்தது. பொம்மையார்பாளையத்துக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. ஊர் தமிழ்நாட்டில்; எட்டும் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டில், மத்திய அரசின் ஜிப்மர். வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் பதிவேடு ஒரு நிர்வாகத்துடையது, அறுவை நடந்த இடத்தின் சீட்டு இன்னொன்றுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. கடலரிப்பில் வீட்டையே மாற்றியவர்கள் பழைய மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

மாதவிலக்கு நிற்கும் ஆண்டையொட்டிக் கெட்ட கொழுப்பு சட்டென்று ஏறுகிறது என்று அமெரிக்காவின் ‘ஸ்வான்’ ஆய்வு 2009இல் காட்டியது. கருவாட்டின் உப்பும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அந்த வயதில்தான் ஒன்றுசேர்கின்றன. சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான ஆண்டு வேறில்லை. ஆனால் அந்த ஆண்டில் இந்த ஊர்ப் பெண் பெரும்பாலும் எந்த மருத்துவரையும் பார்ப்பதில்லை. பிரசவத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அவளை வீடுவரை தேடி வந்த மருத்துவத் துறை, மாதவிலக்கு எப்போது நின்றது என்று மட்டும் அவளிடம் கேட்பதில்லை.

8. செய்ய வேண்டியது

இயல்பான வயதில் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இதயத்துக்காக ஹார்மோன் தேவையில்லை; இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காக விழுங்குவது அவளுக்கு அதைவிடப் பல மடங்கு பயன் தரும். நாற்பத்தைந்துக்கு முன் நின்றவர், சினைப்பைகளை இழந்தவர் இருவரையும் மட்டும் தனியே அடையாளம் கண்டு மகளிர் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு ஹார்மோன் தரலாமா, எந்த வடிவில், எதுவரை என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அதற்குப் புதிய கருவியோ நிதியோ வேண்டாம். வீடு தேடி வரும் தன்னார்வலர் முப்பது வயது கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும்: எந்த வயதில் மாதவிலக்கு நின்றது, கர்ப்பப்பையை எடுத்திருந்தால் சினைப்பையையும் எடுத்தார்களா. அறுவை செய்யும் மருத்துவமனைகள் இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தமிழில் ஒரே வரியாக வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுதித் தர வேண்டும். மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை இவ்விரண்டையும் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும்.